பயனர் அனுபவ வடிவமைப்பும் உளவியலும்: தவறு யாருடையது?



தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் முறைமை விருத்தி வாழ்க்கை வட்டத்தைக் கற்றபோது தேவைகளை இனங்காணல், வடிவமைத்தல், சோதித்தல் ஆகிய படிமுறைகளை நீங்கள் மனனம் செய்திருப்பீர்கள். நேர்காணல், வினாக்கொத்து, அவதானிப்பு எனத் தரவு சேகரிக்கும் முறைகளையும் வரிசையாகச் சொல்வீர்கள். ஆனால் ‘நேரடியாகக் கேட்டால் போதாதா, எதற்காக அவதானிக்க வேண்டும்?’ என்று ஒரு துணை வினா வந்தால் பலர் பேனாவைக் கீழே வைத்துவிடுகின்றனர். அவ்வினாவுக்குரிய விடை உளவியலில் இருக்கிறது. கலைப் பட்டதாரியாகிய நான் ஒரு கணினித் தலைப்பில் எழுதத் துணிந்ததும் அதனாலேயே.

முதலில் வரைவிலக்கணம். ஒரு பொருளையோ சேவையையோ பயன்படுத்தும் ஒருவர் தொடக்கம் முதல் முடிவு வரை அடையும் விளக்கம், உணர்வு, பயன் ஆகியவற்றின் மொத்தமே பயனர் அனுபவம் எனப்படும். திரையில் நாம் காணும் பொத்தான்களும் பட்டியல்களும் பயனர் இடைமுகம் ஆகும். இடைமுகம் என்பது அனுபவத்தின் ஒரு பகுதி மாத்திரமே. இவ்விரண்டையும் ஒன்றென எழுதுவது மாணவர்கள் வழமையாக விடும் பிழை. ‘பயனர் அனுபவம்’ என்னும் சொற்றொடரைப் பரவலாக்கியவர் டொனால்ட் நோர்மன். இவர் ஓர் அமெரிக்க உளவியலாளர். 1993 இல் அப்பிள் நிறுவனத்தில் சேர்ந்தபோது தமது பதவிப் பெயரிலேயே இச்சொற்றொடரை அவர் சேர்த்துக்கொண்டார். எனினும் இத்துறையின் வேர் கணினியில் இல்லை, போர் விமானத்தில் இருக்கிறது.

பி-17 விமானமும் இரண்டு ஆளிகளும்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க வான்படையிடம் பி-17 என்னும் குண்டுவீச்சு விமானம் இருந்தது. இவ்விமானங்களில் சில போர்க்களத்திலிருந்து பத்திரமாகத் திரும்பி, ஓடுபாதையில் ஒழுங்காக இறங்கிய பின்னர் திடீரென வயிறு நிலத்தில் மோத வீழ்ந்தன. எதிரியின் தாக்குதல் இல்லை, இயந்திரக் கோளாறும் இல்லை. தரையிறங்கியபின் இறக்கை மடல்களை உயர்த்த வேண்டிய விமானி, அதற்குப் பதிலாகச் சில்லுகளை உள்ளிழுக்கும் ஆளியை இயக்கியிருந்தார். அறிக்கைகளில் ‘விமானியின் தவறு’ என்று எழுதப்பட்டது.

இதனை ஆராயும் பொறுப்பு அல்போன்ஸ் சப்பானிஸ் என்னும் இளம் உளவியலாளரிடம் வந்தது. அவர் விமானியின் மனத்தை ஆராய்வதற்கு முன்னர் விமானியறைக்குள் சென்று பார்த்தார். சில்லுக்குரிய ஆளியும் மடலுக்குரிய ஆளியும் அருகருகே இருந்தன. இரண்டும் ஒரே வடிவம். கையால் தொட்டு எது எது என்று அறிய வழியில்லை. சி-47 என்னும் வேறொரு விமானத்தில் இவ்விரு கட்டுப்பாடுகளும் வேறுபட்ட முறையில் அமைந்திருந்தன. அதனை ஓட்டிய விமானிகளிடம் இத்தவறு காணப்படவில்லை. இந்த ஒப்பீட்டைக் கவனியுங்கள். இரு விமானங்களையும் ஓட்டியவர்கள் பயிற்சி பெற்ற விமானிகளே. கட்டுப்பாடுகளின் அமைப்போ வேறுபட்டிருந்தது. அப்படியாயின் காரணத்தை எங்கே தேட வேண்டும்?

சப்பானிஸ் கண்ட தீர்வு மிக எளியது. சில்லுக்குரிய ஆளியின் நுனியில் ஒரு சிறிய இறப்பர்ச் சில்லைப் பொருத்தினார். மடலுக்குரிய ஆளியின் நுனியில் ஆப்பு வடிவத் துண்டு ஒன்றைப் பொருத்தினார். இருளிலும் களைப்பிலும் விமானியின் விரல்களே வேறுபாட்டை அறிந்துகொண்டன. போருக்குப் பின்னர் இவ்வடிவக் குறியீடு விமானங்களில் நியமமாக்கப்பட்டது.

1947 இல் போல் பிற்ஸ், ரிச்சர்ட் ஜோன்ஸ் என்னும் இருவர் விமானக் கட்டுப்பாடுகளை இயக்குவதில் நேர்ந்த 460 தவறுகளைத் திரட்டி ஆராய்ந்தனர். அவற்றுள் ஏறத்தாழ அரைவாசி, ஒன்றை இயக்குவதற்குப் பதில் இன்னொன்றை இயக்கிய தவறுகளாகும். தம் அறிக்கையின் தலைப்பில் ‘விமானியின் தவறு’ என்பதை மேற்கோட் குறிகளுக்குள்ளேயே அவர்கள் இட்டனர். அச்சிறிய குறிகளில் ஒரு பெரிய கேள்வி அடங்கியிருக்கிறது.

நோர்மன் இத்தகைய தவறுகளை இரண்டாகப் பிரித்தார். எண்ணம் சரியாக இருந்து செயல் பிழைப்பது நழுவல். எண்ணமே பிழையாக இருந்து, அப்பிழையான எண்ணத்தின்படி செயற்படுவது கருத்துத் தவறு. பி-17 விமானிக்கு என்ன செய்ய வேண்டும் என்பது நன்றாகத் தெரியும். ஆகவே அவருடையது நழுவல்.

உங்களுக்கு நெருங்கிய உதாரணம் ஒன்று வேண்டுமா? பல்தேர்வு வினாத்தாளில் 17ஆம் வினாவைப் ‘பிறகு பார்ப்போம்’ என்று விட்டுவிடுகிறீர்கள். 18ஆம் வினாவின் விடைக்குரிய புள்ளடியை விடைத்தாளில் 17ஆம் வரிசையில் இடுகிறீர்கள். அதன் பின் எல்லாமே ஒரு வரிசை மேலே போய்விடுகிறது. பாடம் தெரியாததால் வந்த தவறன்று இது, நழுவல். விடைத்தாளின் அமைப்பை நாம் மாற்ற முடியாது. ஆகவே ஐந்து வினாக்களுக்கு ஒரு முறையாவது வினா இலக்கத்தையும் வரிசை இலக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இது பாடத்துக்கு வெளியே சொல்லும் புத்திமதி, ஆனால் எழுதாமல் விட மனம் வரவில்லை.

ஞாபகம் எவ்வளவு தாங்கும்?

1956 இல் ஜோர்ஜ் மில்லர் என்னும் உளவியலாளர், மனிதரின் குறுங்கால ஞாபகத்தில் ஒரே நேரத்தில் ஏறத்தாழ ஏழு அம்சங்களே தங்கும் என்றும், அது இரண்டு கூடலாம் அல்லது இரண்டு குறையலாம் என்றும் எழுதினார். பின்னர் 2001 இல் நெல்சன் கவன் அந்த எண்ணிக்கை நான்கு அளவிலேயே இருக்கும் என வாதிட்டார். எண்ணிக்கையைவிட முக்கியமானது மில்லர் சொன்ன இன்னொரு விடயம். அம்சங்களைத் தொகுத்தால் அதிகம் தாங்கும். பத்து இலக்கத் தொலைபேசி எண் ஒன்றை மூன்று, மூன்று, நான்கு எனப் பிரித்துச் சொன்னால் மனத்தில் நிற்பதும், ஒரே மூச்சில் சொன்னால் நழுவுவதும் இதனாலேயே.

‘ஆகவே திரையில் ஏழு பட்டியல் அம்சங்களுக்கு மேல் இருக்கக்கூடாது’ என்று சில குறிப்புப் புத்தகங்களில் காணப்படுகிறது. இது பிழை. திரையில் உள்ள பட்டியலை யாரும் மனத்தில் வைத்திருக்க வேண்டியதில்லை, அது கண்முன்னே இருக்கிறது. மில்லர் சொன்னது மனத்தில் வைத்திருக்க வேண்டியவற்றைப் பற்றியே.

இங்குதான் மீட்டல், இனங்காணல் என்னும் வேறுபாடு வருகிறது. கட்டுரை வினாவுக்கு விடையை மனத்திலிருந்து நீங்களே வெளியே எடுக்க வேண்டும். இது மீட்டல். பல்தேர்வு வினாவில் நான்கு விடைகளும் முன்னே கிடக்கின்றன, சரியானதைக் கண்டுபிடித்தால் போதும். இது இனங்காணல். எது இலகு என்று உங்களிடம் கேட்கத் தேவையில்லை. முற்காலக் கணினிகளில் ஒரு கோப்பை அழிக்க வேண்டுமானால் கட்டளைச் சொல்லை மனத்திலிருந்து மீட்டுத் தட்டெழுத வேண்டியிருந்தது. பட்டியல்களும் படவுருக்களும் வந்தபின் அவ்வேலை இனங்காணலாக மாறியது. கணினி சாதாரண மனிதரின் கைக்கு வந்ததற்கு இம்மாற்றமும் ஒரு பெருங்காரணம் என்பது என் கருத்து.

ஞாபகத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. இலக்கு நிறைவேறியவுடன் மனம் அவ்விடத்தை விட்டுப் போய்விடும், எஞ்சிய சிறு வேலை மறந்துபோகும். பணம் எடுக்க ஏ.ரி.எம். இயந்திரத்துக்குச் செல்பவரின் இலக்கு பணம். பணம் கைக்கு வந்தபின் அட்டை வெளியே வந்தால், அட்டையை மறந்துவிட்டுப் போவார். இதனால் பல இயந்திரங்கள் அட்டையை முதலில் கொடுத்து, அதனை எடுத்த பின்னரே பணத்தை வெளியிடுகின்றன. ‘அட்டையை மறவாதீர்’ என்று நூறு அறிவித்தல்கள் ஒட்டுவதைவிட, இரண்டு படிகளின் ஒழுங்கை மாற்றியது கூடிய பயன் தந்தது.

பொருள் சொல்லும் செய்தி

ஒரு பொருள் தன்னை எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதற்குத் தரும் வாய்ப்பைச் செயல்வாய்ப்பு எனலாம். இக்கருத்தை உருவாக்கியவர் ஜேம்ஸ் கிப்சன். இதனை வடிவமைப்புத் துறைக்குக் கொண்டுவந்தவர், 1988 இல் அன்றாடப் பொருள்களின் உளவியல் பற்றி நூல் எழுதிய நோர்மன். கைபிடி உள்ள கதவைக் கண்டதும் கை தானாக இழுக்கும். தள்ள வேண்டிய கதவில் கைபிடியைப் பொருத்திவிட்டு, அதன் மேல் ‘தள்ளுக’ என்று எழுதி ஒட்டுவார்கள். கதவுக்கே விளக்கக் குறிப்பு தேவைப்பட்டால் அக்கதவின் அமைப்பில் ஏதோ கோளாறு.

அடுத்தது பொருத்தம். உங்கள் வகுப்பறை ஆளிப் பலகையில் ஆறு ஆளிகள் ஒரே வரிசையில் இருக்கலாம். எந்த ஆளி எந்த மின்விசிறிக்கு என்று அறிய எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். கூரையில் விசிறிகள் இருக்கும் ஒழுங்கிலேயே ஆளிகளும் இருந்தால் இந்தச் சிரமம் இல்லை. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பின்னூட்டல் பற்றிச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். ஒரு செயலைச் செய்தபின் அதன் விளைவைப் பயனருக்குத் தெரிவிப்பதே பின்னூட்டல். இது பிழைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு 1979 மார்ச் 28 ஆம் திகதி அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் நடந்த விபத்து சாட்சி. குளிராக்கும் நீர்த் தொகுதியின் அமுக்கத்தைக் குறைப்பதற்காகத் திறந்த ஒரு வால்வு மீண்டும் மூடாமல் சிக்கிக்கொண்டது. ஆனால் கட்டுப்பாட்டறையில் அதற்குரிய விளக்கு அணைந்தது. வால்வு மூடிவிட்டது என இயக்குநர்கள் எண்ணினர். உண்மையில் அவ்விளக்கு, ‘மூடு’ என்ற கட்டளை அனுப்பப்பட்டதை மாத்திரமே காட்டியது. வால்வு மூடியதா என்பதை அது காட்டவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட எச்சரிக்கை ஒலிகளுக்கும் விளக்குகளுக்கும் நடுவே, இரண்டு மணித்தியாலத்திற்கும் மேலாகக் குளிராக்கும் நீர் வெளியேறிக்கொண்டிருந்தது. உலையின் கருவகத்தில் ஒரு பகுதி உருகியது.

இவ்விபத்தை ஆராய அழைக்கப்பட்டவர்களுள் நோர்மனும் ஒருவர். இயக்குநர்கள் அறிவற்றவர்கள் அல்லர், அவர்களுக்குக் கிடைத்த தகவல் அவர்களை ஏமாற்றியது. இவர்களுடையது மேற்கூறிய இருவகைத் தவறுகளுள் எது? கருத்துத் தவறு. ‘வால்வு மூடிவிட்டது’ என்னும் பிழையான எண்ணத்தின்படி அவர்கள் ஒழுங்காகவே செயற்பட்டனர்.

537 வாக்குகள்

பயனர் அனுபவம் கணினி விளையாட்டுக்கும் கைத்தொலைபேசிக்கும் உரிய அலங்கார விடயம் என்று எண்ணுபவர்கள், 2000 ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலைப் பார்க்கட்டும்.

புளோரிடா மாநிலத்தின் பாம் பீச் மாவட்டத்தில் வாக்காளர் புள்ளடி இடுவதில்லை, கூரிய கோலால் சீட்டில் துளையிட்டனர். முதிய வாக்காளர் பலர் வாழும் மாவட்டம் அது. அவர்கள் வாசிப்பதற்கு இலகுவாக இருக்கட்டும் என்று தேர்தல் அதிகாரி எழுத்துகளின் அளவைப் பெரிதாக்கினார். நோக்கம் நல்லது. ஆனால் எழுத்துப் பெரிதானதால் வேட்பாளர் பெயர்கள் ஒரே பக்கத்தில் அடங்கவில்லை. பெயர்கள் இடப் பக்கத்திலும் வலப் பக்கத்திலும் பிரிந்தன. துளைகள் யாவும் நடுவில் ஒரே நிரலில் இருந்தன. பார்வைக்கு வண்ணத்துப்பூச்சியின் இரு சிறகுகள் போல இருந்ததால் இது வண்ணத்துப்பூச்சி வாக்குச்சீட்டு என அழைக்கப்பட்டது.

இடப் பக்கத்தில் முதலாவது பெயர் ஜோர்ஜ் டபிள்யூ. புஷ், இரண்டாவது பெயர் அல் கோர். இரண்டாவது பெயருக்கு இரண்டாவது துளை என்றுதானே எவரும் எண்ணுவார்? ஆனால் இரண்டாவது துளை, வலப் பக்கத்தில் முதலாவதாக இருந்த பற்றிக் புக்கானனுக்கு உரியது. கோருக்கு உரியது மூன்றாவது துளை. அம்புக்குறிகள் இருந்தன. எனினும் அருகருகே இருப்பவற்றை ஒன்றுக்கொன்று உரியவையாகக் கொள்வது மனித மனத்தின் இயல்பு. உளவியலில் இதனை அண்மை விதி என்பர்.

புக்கானனுக்கு அம்மாவட்டத்தில் 3,407 வாக்குகள் கிடைத்தன. அவற்றுள் பல தமக்குரியவை அல்ல என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். அத்துடன் 19,000 இற்கும் மேற்பட்ட சீட்டுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட துளைகள் இடப்பட்டிருந்ததால் அவை செல்லுபடியற்றவை ஆயின. புளோரிடா முழுவதிலும் புஷ் வென்றது 537 வாக்குகளால். புளோரிடாவை வென்றதால் அவர் ஜனாதிபதியானார். கோருக்கு வாக்களிக்க விரும்பிய 2,000 பேருக்கு மேல் தவறுதலாகப் புக்கானனுக்கு வாக்களித்தனர் என 2001 இல் அரசறிவியல் ஆய்வாளர்கள் கணித்தனர்.

தேர்தலுக்கு முன்னரே இரு பெருங்கட்சியினரும் இச்சீட்டின் மாதிரியைப் பார்த்திருந்தனர். எவரும் எதிர்க்கவில்லை. இப்போது கட்டுரையின் தொடக்கத்தில் எழுந்த துணை வினாவுக்கு வருவோம். ‘இச்சீட்டு விளங்குகிறதா?’ என்று கேட்டால், பார்ப்பவர் ஆறுதலாக இருந்து பார்த்து ‘விளங்குகிறது’ என்பார். வாக்களிப்பவரோ பின்னால் வரிசை நிற்க, அவசரத்தில், கையில் கோலுடன் நிற்கிறார். மனிதர் தாம் செய்வதாகச் சொல்வதும் உண்மையில் செய்வதும் வேறு வேறு. அவர்கள் பொய் சொல்வதில்லை, தம் நழுவல்களைத் தாமே அறியாதிருக்கின்றனர். ஆகவேதான் கேட்பதுடன் நில்லாது அவதானிக்கவும் வேண்டும்.

ஆய்வாளர் எவ்வாறு சோதிப்பார்?

அதே 2000 ஆம் ஆண்டில் கனடாவின் எட்மன்டன் நகரில் உளவியலாளர் சிலர் ஒரு பரிசோதனை நடத்தினர். கடைத்தொகுதி ஒன்றுக்கு வந்தவர்களிடம் கற்பனைத் தேர்தல் ஒன்றுக்கான வாக்குச்சீட்டைக் கொடுத்தனர். சிலருக்கு ஒற்றை நிரல் சீட்டு, சிலருக்கு இரட்டை நிரல் சீட்டு. வாக்களித்த பின்னர், யாருக்கு வாக்களிக்க விரும்பினீர்கள் என்று கேட்டுச் சீட்டுடன் ஒப்பிட்டனர். தவறாக இடப்பட்ட வாக்குகள் சிலவே. ஆனால் அவை அனைத்தும் இரட்டை நிரல் சீட்டிலேயே காணப்பட்டன.

இங்கு ஆய்வாளர் தாமே மாற்றிய காரணி, அதாவது சீட்டின் அமைப்பு, சாரா மாறி. அதன் விளைவாக மாறுகிறதா என்று அளக்கப்பட்டது, அதாவது தவறுகளின் எண்ணிக்கை, சார்ந்த மாறி. விஞ்ஞான பாடத்தில் நீங்கள் படித்த அதே மாறிகள்தாம் இவை.

இன்னொரு உதாரணம் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. கைத்தொலைபேசியில் எண்களை அழுத்தும் இடத்தைப் பாருங்கள்: மேல் வரிசையில் 1, 2, 3. ஒரு கணிகருவியை எடுத்துப் பாருங்கள்: மேல் வரிசையில் 7, 8, 9. தொலைபேசியின் ஒழுங்கு தற்செயலாக வந்ததன்று. 1950களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஜோன் கார்லின் என்னும் உளவியலாளரின் குழு, பொத்தான்களைப் பல ஒழுங்குகளில் அமைத்து மனிதரைக் கொண்டு சோதித்தது. நாம் முன்னர் கண்ட சப்பானிஸும் இன்னொருவரும் 1955 இல் வெளியிட்ட ஆய்வு, பெரும்பாலோர் எண்களை இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாகவே எதிர்பார்க்கின்றனர் எனக் காட்டியது. இவ்வாறு பயனர் தம் மனத்தில் முன்பே வைத்திருக்கும் படத்தை உளமாதிரி என்பர். பொத்தான் தொலைபேசி 1963 இல் விற்பனைக்கு வந்தது.

இந்தக் கார்லின் இன்னொரு வேலையும் செய்தார். தொலைபேசியின் வடம் எவ்வளவு நீளம் இருந்தால் போதும் என்று அறிய, சக ஊழியர்களின் தொலைபேசி வடங்களைச் சில நாட்களுக்கு ஒரு முறை ஓர் அங்குலம் வீதம் இரகசியமாகக் குறைத்துக்கொண்டே வந்தார். ஓர் அடி குறையும் வரை எவரும் கவனிக்கவில்லையாம்! சிரிப்பாக இருந்தாலும், இன்று ஆய்வில் பங்குபற்றுபவரின் சம்மதம் பெறாமல் இவ்வாறு செய்வது ஏற்கப்படுவதில்லை என்பதைக் குறித்துக்கொள்க.

எத்தனை பேரைக் கொண்டு சோதிக்க வேண்டும்? 1993 இல் ஜேக்கப் நீல்சன், தோமஸ் லாண்டவர் ஆகியோர் பல சோதனைகளின் தரவுகளைத் திரட்டி, ஒரு பயனர் சராசரியாக 31% குறைபாடுகளை வெளிக்காட்டுகிறார் எனக் கண்டனர். அப்படியாயின் ஒரு குறைபாடு ஒருவரிடம் தப்பிப்போகும் நிகழ்தகவு 0.69. ஐந்து பேரிடமும் தப்பிப்போகும் நிகழ்தகவு 0.69 இன் ஐந்தாம் அடுக்கு, அதாவது ஏறத்தாழ 0.16. எனவே ஐந்து பேரே 84% அளவான குறைபாடுகளைக் காட்டிவிடுவர். கணிதத்தில் படித்த நிகழ்தகவு எங்கே வந்து உதவுகிறது பார்த்தீர்களா? ஆனால் ஒரு எச்சரிக்கை: 31% என்பது சராசரி. அரிதாக நிகழும் தவறை ஐந்து பேரிடம் காண முடியாது. பாம் பீச் சீட்டில் தவறியவர்கள் நூற்றில் சிலரே. அத்தகைய தவறை அறியப் பெரிய மாதிரி வேண்டும்.

சோதனையின்போது பயனரைத் தம் எண்ணங்களை வாய்விட்டுச் சொல்லச் செய்யும் முறையும் உண்டு. 1982 இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் கிளேட்டன் லூயிஸ் இதனை இடைமுகச் சோதனைக்குக் கொண்டுவந்தார். அவ்வேளை ஆய்வாளர் குறுக்கிட்டு உதவி செய்யக்கூடாது. ‘அந்தப் பொத்தானை அழுத்துங்கோ’ என்று சொல்லிவிட்டால் சோதனை அங்கேயே முடிந்துவிட்டது.

பயிற்சி வினா

ஒரு பாடசாலை நூலகத்தின் கணினித் தொகுதியில் ‘சேமி’, ‘அழி’ என்னும் இரு பொத்தான்கள் அருகருகே, ஒரே நிறத்தில், ஒரே அளவில் உள்ளன. எதை அழுத்தினாலும் திரையில் ‘செயல் முடிந்தது’ என்னும் ஒரே செய்தியே தோன்றுகிறது. நூலகர் அடிக்கடி பதிவுகளை அழித்துவிடுகிறார்.

(அ) நூலகரின் தவறு நழுவலா, கருத்துத் தவறா? காரணம் தருக.
(ஆ) பின்னூட்டலில் உள்ள குறைபாட்டை விளக்கி, அதனைத் திருத்தும் ஒரு வழியைக் கூறுக.
(இ) பொத்தான்களின் அமைப்பை மாற்றினால் தவறுகள் குறையுமா என அறிய ஒரு பரிசோதனையைத் திட்டமிடுக. சாரா மாறியையும் சார்ந்த மாறியையும் குறிப்பிடுக.

விடை எழுதும்போது கவனிக்க: பகுதி (ஆ) இல் ‘நூலகர் கவனமாக இருக்க வேண்டும்’ என்று எழுதுபவர் ஆண்டுதோறும் உண்டு. வினா கேட்பது தொகுதியில் செய்யவேண்டிய மாற்றத்தை. பகுதி (இ) இல் இரு அமைப்புகளையும் பயன்படுத்துவோர் செய்யும் வேலை ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதை மறவாது எழுதுக.